வறட்டு மாடுகளை விற்காத வருஷம்

கலெபோவே அப்பாவின் மாட்டுப்பட்டியை எடுத்து நடத்தப் போகிறாள் என்று தெரிந்ததும் ராகோப்ஸ் கடைத்தெருவில் ஆண்கள் சிரித்தார்கள். வைரச் சுரங்கத்தின் சம்பளப் பிரிவில் பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். சுரங்கம் ஆள் குறைத்தபோது கையில் ஒரு தொகையைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. புருஷன் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஒரே மகள் செதுன்யா பிரான்சிஸ்டவுனில் நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். அதே வருஷம்தான் அப்பாவும் காலமானார். மாடுகளும், மேய்க்கிற ஆளும், இருமிக்கொண்டே ஓடுகிற டீசல் எஞ்சினும் கேட்பாரில்லாமல் நின்றன.

"பொம்பள மாடு வளர்க்கப் போறாளாம். இனிமே மாட்டுக்கெல்லாம் மாசக் கடைசியில சம்பளக் கவர் வரும்டா," என்றான் டீசல் பங்க்கில் நின்ற ஒருவன்.

"வரும். உனக்குத்தான் வராது," என்று சொல்லிவிட்டு, பீப்பாயைப் பிக்கப் வண்டியில் உருட்டி ஏற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

அண்ணன் துமிசாங் தலைநகரில் இன்சூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தான். அப்பாவின் சூட்டுக்குறி, மூத்த மகன் என்ற முறையில் அவன் பேருக்கு மாறியது. மாட்டின் தொடையில் யார் குறி இருக்கிறதோ அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு கன்றைக்கூட லாரியில் ஏற்ற முடியாது. அப்போது அது அவளுக்குப் பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

"நீயே பாத்துக்க தங்கச்சி. நம்ம வீட்டுல உனக்குத்தான் கணக்கு வரும். மாடு ரெண்டு பேருக்கும் பொதுதானே," என்றான் துமிசாங், காரியம் முடிந்து கிளம்பும்போது.

முதல் வருஷம் முழுக்க அவள் ஒரே கேள்வியோடு பட்டியைச் சுற்றி வந்தாள். ஒரு கன்று பிறந்து, வளர்ந்து, கறிக்கூடத்துக்கு லாரி ஏறும்வரை அதற்கு என்ன செலவாகிறது? அப்பாவிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் புகையிலையைத் துப்பிவிட்டு எழுந்து போயிருப்பார். மாடு தானாக வளரும், மழை பார்த்துக்கொள்ளும் என்று இருந்த மனுஷர். கலெபோவே பார்த்த அளவில் எதுவும் தானாக வளரவில்லை. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கிற எஞ்சின் டீசலைக் குடம் குடமாகக் குடித்தது. அடுத்து தடுப்பூசி, உண்ணி மருந்து. அப்புறம் உப்போடு எலும்புத்தூள் கலந்து மாடு நக்குவதற்குத் தொட்டியில் போடுகிற தீவனம். அப்புறம் மேய்ப்பன் செகோவின் சம்பளம், அவன் குடும்பத்துக்கு மாவு, சர்க்கரை, தேயிலை, புகையிலை. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற செலவு. தெரியாத செலவு ஒன்று பட்டிக்குள்ளேயே அசைபோட்டுக்கொண்டு நின்றது. சினை பிடித்து வருஷங்கள் ஆகிவிட்ட கிழட்டுப் பசுக்கள். கன்று போடுகிற பசு குடிக்கிற அதே தண்ணீரை அவையும் குடித்தன. அதே புல்லை மேய்ந்தன. திருப்பி ஒன்றும் கொடுக்கவில்லை. அப்பா அவை ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருந்தார். சாலையில் போகிறவர்கள் எண்ணிப் பார்க்கும்போது எண்ணிக்கை குறையக் கூடாது, அவருக்கு அதுதான் முக்கியம்.

மழை ஒழுங்காகப் பெய்த இரண்டு வருஷங்களில் அண்ணனைக் கெஞ்சியும் மிரட்டியும் அவற்றில் கொஞ்சத்தைத் தள்ளிவிட்டாள். வந்த பணத்தில் நல்ல பொலிகாளை ஒன்று வாங்கினாள். காளையைப் பசுக்களோடு எப்போது விடுவது என்று கணக்குப் போட்டு, கன்றுகள் மழையோடு சேர்ந்து பிறக்கும்படி செய்தாள். தாய்க்குப் பச்சைப்புல் கிடைத்தது, கன்று பால் குடித்துக் கொழுத்தது, விலைக்கு வாங்கிய தீவனம் பாதியாகக் குறைந்தது. பங்க்கில் கேலி பேசியவனே ஒருநாள் குரலைத் தாழ்த்தி, "ம்மா, தொட்டியில எலும்புத்தூள் எந்த அளவுல கலக்குறீங்க?" என்று கேட்டான். அவள் மறைக்காமல் சொன்னாள். அன்றைக்கு வீடு திரும்பும்போது வண்டியில் தனியாகச் சிரித்துக்கொண்டே போனாள்.

அதற்கு அடுத்த வருஷம் மழை வரவில்லை.

புலா என்றால் அந்த நாட்டில் பணம், புலா என்றால் மழையும்தான். அந்த வருஷம் இரண்டும் இல்லை. ஜனவரியில் நாலு தூறல். பிப்ரவரியில் காற்று. ஏப்ரல் முடிவதற்குள் பட்டியைச் சுற்றி ஒரு காத தூரத்துக்குப் புல் தரையோடு தரையாகிவிட்டது. பொட்டேட்டி ஆற்றின் படுகையில் கழுதைகள் மணலைக் காலால் பறித்துப் பார்த்துவிட்டு நின்றன. கலெபோவே செல்போனில் டவர் கிடைக்கும் மணல்மேட்டுக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போய் அண்ணனைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, கிழடு கட்டினதும் சினை நிக்காததுமா இன்னும் முப்பதுக்கு மேல கெடக்கு. இப்பவே தள்ளிரணும். இப்ப உடம்புல கறி இருக்கு, கேக்குற வெலை கிடைக்கும். ஆகஸ்ட் வந்தா தோலும் கொம்பும்தான் மிஞ்சும்."

"முப்பதா?" என்றான் துமிசாங். "டிசம்பர்ல பையன் கல்யாணத்துக்குப் பரிசமா மாடு கொடுக்கணும், மறந்துட்டியா? பொண்ணு வீட்டு மாமன்மாருங்க பட்டியப் பாக்க வருவாங்க. பாதிப் பட்டி காலியா இருந்தா நம்மள என்ன நெனைப்பாங்க?"

"நெனைக்கிறவங்க டீசலுக்குக் காசு கொடுப்பாங்களா?"

"எல்லாத்துக்கும் ஒரு எடக்குப் பேச்சு. அப்பா காலத்துல பஞ்சம் வரலியா? மாடு தாங்கும் தங்கச்சி."

"அப்பா காலத்துல ஆத்துல தண்ணி கெடந்துச்சு. இப்ப ஒவ்வொரு வாய்த் தண்ணியும் டீசல்ல வருது. ஒண்ணுக்கும் உதவாத முப்பது வாய்க்கு நான் தண்ணி வாங்கி ஊத்திட்டு இருக்கேன். இத வித்தா, மிச்சம் இருக்கிறதுக்கு வருஷம் பூரா ஊசி, தீவனம் எல்லாம் வாங்கிருவேன். நீ ஒரு கையெழுத்துப் போட்டா போதும்."

"அக்டோபர்ல மழை வந்துரும். அதுவரைக்கும் இழுத்துப் பிடி. கல்யாணம் முடியட்டும், நீ எத வேணா வித்துக்க."

அதற்குப் பிறகும் அவள் பலமுறை அந்த மேட்டுக்குப் போனாள். ஒருமுறை அவன் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னான். ஒருமுறை கோபப்பட்டான். "நான் மூத்தவனா, நீ மூத்தவளா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தான். அதற்குப் பிறகு அவள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

கூரைத் தகடு மாற்றவென்று வைத்திருந்த பணம் டீசலுக்குப் போனது. சுரங்கம் கொடுத்ததில் மிச்சமிருந்ததும் போனது. மகளுக்கு மாதாமாதம் அனுப்பிய கைச்செலவுக் காசை நிறுத்தினாள். "பரவால்லம்மா, நான் ஹாஸ்டல்ல சமாளிச்சுக்கறேன்," என்று செதுன்யா சொன்னது அவளை இன்னும் வாட்டியது. வண்டிக்கு எண்ணெய் மாற்றவில்லை. செருப்பு அறுந்தபோது கம்பியால் கட்டிக்கொண்டாள். வேறு எதிலும் குறைக்க இடமில்லாமல் போனது. செகோவின் மாவு மூட்டையைப் பாதியாக்கினாள். சர்க்கரையை அடியோடு நிறுத்தினாள்.

செகோ அப்பா காலத்திலிருந்தே அங்கே இருந்தவன். மெலிந்த உடம்பு, பெரிய வாய். பட்டிக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டு, மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளுமாக இருந்தான்.

"சர்க்கரை எங்க ம்மா?"

"அடுத்த மாசம் செகோ."

"அப்ப டீயையும் அடுத்த மாசமே குடிச்சிக்கறேன்." வெறும் மூட்டையைத் தலைகீழாக உதறிக் காட்டினான். "மாட்டுக்குப் பஞ்சம்னு கேள்விப்பட்டேன். எனக்கும் சேத்துத்தான்னு யாரும் சொல்லல."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் அடுத்த மாதமும் சர்க்கரை வரவில்லை. சம்பளமும் பாதிதான் வந்தது. அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு முடிவை எடுக்க வேண்டி வந்தது. கையில் இருந்த பணம் டீசலுக்குப் போதும், இல்லையென்றால் தடுப்பூசிக்கும் எலும்புத்தூளுக்கும் போதும். இரண்டுக்கும் போதாது.

தடுப்பூசி எதற்கென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கத்து மணலில் ஒரு சத்துக் குறைவு. புல்லிலும் அது இருக்காது. எலும்பில் இருக்கிறது என்று மாட்டுக்கு எப்படியோ தெரிகிறது. தொட்டியில் எலும்புத்தூள் இல்லையென்றால் செத்துக் கிடக்கும் மிருகத்தின் எலும்பைத் தேடிப்போய்க் கடிக்கும். அழுகிய எலும்பில் ஒரு விஷம் ஊறியிருக்கும். ஊசி போடாத மாடு அதைக் கடித்தால் முடக்கு நோய். ஒவ்வொரு வருஷமும் அவள் தவறாமல் ஊசி போட்டிருக்கிறாள், தன் கையாலேயே.

தண்ணீர் இல்லையென்றால் மாடு ஓரிரு நாளில் செத்துவிடும். ஊசி இல்லையென்றால் சாகலாம், சாகாமலும் இருக்கலாம். காலை வெயிலில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து அவள் இதையே திரும்பத் திரும்ப யோசித்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் பதில் ஒன்றாகத்தான் வந்தது. பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு டீசல் வாங்கப் போனாள். தெரியாமல் செய்திருந்தால் பின்னால் மனசு ஆறியிருக்கும். அவள் எல்லாம் தெரிந்துதான் செய்தாள்.

செப்டம்பரில் ஒரு பகல், பட்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்த மாடுகளில் ஒன்று வாயில் எதையோ அதக்கிக்கொண்டு வந்தது. முதல் ஈற்றுக்குச் சினையாக இருந்த சிவலைக் கிடேரி. கலெபோவே கிட்டே போய்ப் பார்த்தாள். ஆமை ஓடு. எச்சில் வடிய, குழந்தை பொம்மையைக் கடிப்பதுபோல அதைக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் கொம்பைப் பிடித்துத் தலையைத் திருப்பி, விரலை விட்டு ஓட்டைப் பிடுங்கி எடுத்தாள். கிடேரி அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றது. திருப்பிக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்ததுபோல.

"செகோ, மேய்ச்சல்ல கெடக்கிற எலும்பையெல்லாம் பொறுக்கணும். இன்னைக்கே."

"காடு முழுக்க எலும்புதானே ம்மா. பஞ்சத்துல செத்த கழுதை, மானு, பக்கத்துப் பட்டி மாடு. எத்தனைய பொறுக்க?"

ஆனாலும் பொறுக்கினார்கள். அவளும் அவனும் அவன் மனைவியும் சாக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். அந்த வாரமே சிவலைக் கிடேரி படுத்துவிட்டது.

பின்னங்கால்கள் முதலில் போயின. எழுந்திருக்கப் பார்த்து, முன்னங்காலை ஊன்றி, பின்பக்கம் மணலில் இழுபட அப்படியே சரிந்தது. பிறகு நாக்கு வெளியே தொங்கியது. இழுத்துவிட்டால் உள்ளே போகும், திரும்ப நழுவி வெளியே வரும். தண்ணீரைக் கொண்டுபோய் வாயில் ஊற்றினாள். விழுங்க முடியாமல் மூக்கு வழியாக வந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. அவள் எந்தப் பக்கம் நடந்தாலும் அந்தக் கண் கூடவே வந்தது.

அதற்குள் இன்னும் நான்கு படுத்திருந்தன. கால்நடை ஆபீசிலிருந்து ஒரு பையன் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தான். நாக்கை இழுத்துப் பார்த்ததுமே தலையை ஆட்டினான்.

"படுத்தது எழுந்திருக்காது ம்மா. மிச்சத்துக்கு உடனே ஊசி போடுங்க. ஊசி வேலை செய்ய ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும். அதுக்குள்ள எது போகும், எது நிக்கும்னு சொல்ல முடியாது. செத்தத எரிச்சிருங்க. ஒரு எலும்பு வெளியில கெடந்தாலும் இன்னொண்ணு அதக் கடிக்கும். கறிய யாரும் தொடக்கூடாது."

சுரங்கத்துச் சிநேகிதிகளோடு சேர்ந்து போட்டிருந்த சீட்டு அப்போதுதான் ஏலத்துக்கு வந்தது, அதை நஷ்டத்துக்குத் தள்ளி எடுத்தாள். ஊசி மருந்தும் எலும்புத்தூளும் வாங்கி வந்து, நிற்கிற மாடுகளையெல்லாம் பட்டியில் அடைத்து, தானே ஊசி போட்டாள். போட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பில்தான் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. படுப்பதெல்லாம் நல்ல மாடு. வயிற்றில் கன்று வளர்கிறது, மடியில் பால் சுரக்கிறது. அப்படிப்பட்ட பசுவுக்குத்தான் அந்தச் சத்து அதிகம் வேண்டும். அதுதான் எலும்பைத் தேடி அலைகிறது. வறட்டு மாடுகளுக்கு அந்தத் தேவை இல்லை. அவை அசைபோட்டுக்கொண்டு நிழலில் நின்றன. ஒன்றுகூட விழவில்லை.

ஏப்ரலில் விற்றிருக்க வேண்டிய மாடுகள் நிற்க, வைத்துக்கொள்ள விரும்பிய மாடுகளை அவள் ஒவ்வொன்றாக எரித்தாள். முள்மரக் கிளைகளை வெட்டி அடுக்கி, மேலே மாட்டை இழுத்துப் போட்டு, டீசல் ஊற்றிக் கொளுத்த வேண்டும். தண்ணீர் இறைக்க வைத்திருந்த அதே டீசல். பட்டப்பகலில் கறிவாசனை காடெல்லாம் பரவியது. செகோ கொஞ்ச தூரத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ம்மா, அந்தத் தொடைய மட்டும் வெட்டி எடுத்துக்கறேன்."

"முடியாது செகோ. வெசம்."

"நல்லா கொதிக்க வச்சா எந்த வெசமும் போயிரும். எங்க ஆளுங்க எத்தன தடவ சாப்பிட்டிருக்காங்க."

"ஆபீஸ் பையன் சொன்னத நீயும்தான் கேட்ட."

"கேட்டேன். அந்தப் பையன் வீட்டுல மாவு இருக்கும்." அவன் எழுந்து நின்றான். "என் புள்ளைங்க மூணு நாளா வெறும் கஞ்சித்தண்ணி குடிக்குதுங்க. நீங்க இங்க ஒரு மாட்டையே சுட்டு, திங்க வேணாம்னு சொல்றீங்க."

அவள் டின்னைச் சாய்த்து மீதி டீசலையும் ஊற்றினாள்.

அடுத்த நாள் குடிசைக்குப் பின்னால் இருந்த மரத்தில் கறித்துண்டுகள் கயிற்றில் தொங்குவதைப் பார்த்தாள். விழுந்து கிடந்த ஒரு பசுவிலிருந்து யாருக்கும் தெரியாமல் வெட்டி எடுத்து, வாட்டுவதற்குக் கட்டியிருந்தான். செகோவின் மனைவி கயிற்றுக்கு முன்னால் வந்து கையை விரித்துக்கொண்டு நின்றாள். கலெபோவே அவளைத் தோளைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, கயிற்றை அறுத்து, கறியை வாரிக்கொண்டு போய் நெருப்பில் போட்டாள். குழந்தைகள் வாசலில் நின்று பார்த்தன. செகோ ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"பாதி மாவு கொடுத்தது நீங்கதான ம்மா."

இரண்டு நாளில் குடிசை காலியாகிவிட்டது. பாயும் பானையும் போய்விட்டன. பட்டிக் கதவை ஒழுங்காகக் கட்டிவிட்டுத்தான் போயிருந்தான்.

துமிசாங் அக்டோபர் கடைசியில் வந்தான். சுத்தமான சட்டையும் பளபளக்கும் காலணியுமாக இறங்கி, கருகிக் கிடந்த மண்ணின் நடுவே நின்றான். அவள் புளித்த பாலும் சோளக்கூழும் கொண்டுவந்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"நாப்பது மாடு. நாப்பது மாட்ட எரிச்சிருக்க. அப்பா இருந்திருந்தா?"

"அப்பா இருந்திருந்தாலும் செத்திருக்கும்."

"ஒரு ஊசி. ஒரு ஊசிக்குக் காசில்லன்னா என்கிட்ட கேக்க வேண்டியதுதானே?"

கலெபோவே சொன்னபோது குரல் உயரவே இல்லை. "முப்பது வறட்டு மாட்டுக்கு ஒரு கையெழுத்துக் கேட்டேன் அண்ணே. ஏப்ரல்ல கேட்டேன், மே மாசம் கேட்டேன், ஜூன்ல கேட்டேன். நீ மூத்தவன்னு சொன்ன."

"அதையே சொல்லிக் காட்டுவியா?"

"காட்டல. நீ கேட்ட, சொன்னேன்."

அவன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் கழித்து அவன் முதுகு குலுங்குவதை அவள் பார்த்தாள். தேற்றப் போகவில்லை. வெறுப்பினால் இல்லை. எழுந்து நடக்க அவள் உடம்பில் தெம்பில்லை.

நவம்பர் முடிவில் மழை வந்தது. நன்றாகவே வந்தது. ஒரு வாரத்தில் மணலில் பச்சை படர்ந்தது. மழையோடு கூடவே கல்யாணமும் வந்தது. பரிசத்துக்குப் பசுக்கள் வேண்டும் என்று துமிசாங் லாரி எடுத்து வந்தபோது, பட்டியில் அடுத்த வருஷம் கன்று போடக்கூடியவை என்று சொல்ல எட்டுக் கிடேரிகள் இருந்தன.

"வறட்டு மாட்ட ஏத்திட்டுப் போ," என்றாள்.

"பரிசத்துக்கா? பல்லு விழுந்தத கொண்டுபோய் நிறுத்தினா அந்த மாமன்மாருங்க என்னைய அங்கயே கட்டிப் போட்ருவாங்க."

எட்டும் போயின. பெண் வீட்டார் அவற்றில் இரண்டை மெலிந்தவை என்று திருப்பி அனுப்பினார்கள். அவை திரும்பி வந்து லாரியிலிருந்து இறங்கியபோது கலெபோவேக்கு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. மருமகன் கல்யாணத்தில் இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று அவளுக்கே வெட்கமாகவும் இருந்தது.

பங்கு பிரிக்க ஊர்ச்சபையில் உட்கார்ந்தார்கள். அதிகம் பேச்சு நடக்கவில்லை. அண்ணனே களைத்துப் போயிருந்தான். வறட்டு மாடுகளை விற்று இருவரும் பாதிப் பாதி எடுத்துக்கொள்வது, மிச்சத்தில் பதினொன்றும் கிணறும் அவளுக்கு, அவள் பேரில் புதுச் சூட்டுக்குறி. கான்ஸி பக்கத்து வியாபாரி ஃபூரி லாரியோடு வந்து, வறட்டு மாடுகளைச் சுற்றி வந்தான். முதுகெலும்பைத் தடவினான். வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான்.

"ம்மா, இதுங்களுக்கு நான் கொடுக்குற வெலையக் கேட்டு நீங்க சிரிக்கக் கூடாது."

"சிரிக்க மாட்டேன் ஐயா. சொல்லுங்க."

சொன்னான். உண்மையான அடிமாட்டு விலை. ஏப்ரலில் கிடைத்திருக்கக்கூடியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பஞ்சத்தில் பட்ட கடனை அடைக்க ஜில்லா முழுக்க எல்லாரும் ஒரே நேரத்தில் விற்றுக்கொண்டிருந்தார்கள். அவள் தலையசைத்தாள். அப்பா பேர் வைத்த பசுக்கள் ஒவ்வொன்றாகப் பலகை மேல் ஏறின. கடைசிப் பசு ஏற மறுத்து நின்றபோது, அவளே பின்னாலிருந்து தோளைக் கொடுத்து முட்டித் தள்ளி ஏற்றிவிட்டாள்.

தன் பங்குப் பணத்தில் முதல் வேலையாகச் செகோவுக்குத் தர வேண்டிய சம்பளத்தை எடுத்து வைத்தாள். அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மனைவியின் உறவினர் குடியிருப்பில் இருப்பதாக விசாரித்துத் தெரிந்துகொண்டு போனாள். வழியில் மாவும் சர்க்கரையும் ஒரு கட்டுப் புகையிலையும் வாங்கினாள். குடிசை நிழலில் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருந்தான். பணத்தை எண்ணிப் பார்க்காமல் மடித்து வைத்துக்கொண்டான்.

"புள்ளைங்க நல்லாருக்கா?"

"இருக்குதுங்க."

"பதினோரு மாடுதான் இருக்கு செகோ. வேலை கம்மி. சம்பளம் முழுசாத் தருவேன். வர்றியா?"

அவன் ஊசியை மணலில் குத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான். கோபம் ஒன்றும் முகத்தில் இல்லை. அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நான் வந்தாலும் அவ வரமாட்டா ம்மா. அந்தக் கறிய நீங்க எடுத்துட்டுப் போனத அவ பாத்துட்டா."

"அது வெசம் செகோ."

"தெரியும் ம்மா. அவளுக்கும் தெரியும்."

உள்ளேயிருந்து அவன் மனைவி ஒரு குவளைத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கலெபோவேயின் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போனாள். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, மூட்டைகளை இறக்கி வைத்து, வண்டியைக் கிளப்பினாள்.

பதினொரு மாட்டை வைத்துக்கொண்டு ஓர் ஆழ்துளைக் கிணற்றை ஓட்ட முடியாது. டீசல் கொஞ்சம் குறையும், ஆனால் எஞ்சின் ரிப்பேரும் மேய்ப்பன் சம்பளமும் குறையாது. நூறு மாட்டுக்கு ஓடினாலும் பத்து மாட்டுக்கு ஓடினாலும் எஞ்சின் எஞ்சின்தான். ஒரு மாட்டுக்கு விழுகிற செலவு பல மடங்காகிவிட்டது. பக்கத்துப் பட்டிக்காரர்கள் இருவரோடு பேசி, மூன்று பட்டிக்கும் ஒரே கிணறு, டீசல் மூன்று பங்கு என்று ஏற்பாடு செய்தாள். மேய்ப்பனையும் பொதுவாக வைத்துக்கொண்டார்கள். அப்படியும் மாதக் கடைசியில் துண்டு விழுந்தது. அதை ஈடுகட்ட லெத்லகானே டவுனில் ஒரு கறிக்கடையில் கல்லாவில் வேலைக்குச் சேர்ந்தாள். சனிக்கிழமை மதியம் கடை மூடியதும் பட்டிக்குப் போய், ஞாயிறு முழுக்க மாடுகளோடு இருந்துவிட்டு, திங்கட்கிழமை விடிவதற்குள் திரும்பிவிடுவாள். சுரங்கத்தில் வாங்கியதில் கால்வாசிச் சம்பளம். அதில் பாதி மாட்டுக்குப் போனது.

செதுன்யா விடுமுறையில் வந்தபோது கேட்டாள், "எதுக்கும்மா இவ்வளவு கஷ்டம்? பதினொண்ணையும் வித்துட்டு நிம்மதியா இரேன்."

"விக்கலாம்," என்றாள் அவள். மகள் தட்டில் இன்னொரு கரண்டிக் கூழ் வைத்தாள்.

மாதக் கடைசி என்றால் கடையில் கூட்டம் நெரியும். ஒரு வெள்ளிக்கிழமை, தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஒரு பெண், வேகவைத்து இடிப்பதற்கென்று எலும்போடு மூன்று கிலோ கேட்டாள். தராசில் வைத்து விலையைச் சொன்னதும் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"போன மாசத்தவிட ஏத்திட்டீங்களே. காட்டுல புல்லத் தின்னு தானா வளருது. இதுக்கு இவ்வளவு வெலையா?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவர் ஆமோதித்து ஏதோ சொன்னார். கலெபோவே கறியைப் பார்த்தாள். கொழுப்பு மஞ்சளோடியிருந்தது, சதை கருஞ்சிவப்பு. கிழட்டுப் பசுவின் கறி. யாரோ ஒருவர் பஞ்சத்தைத் தாங்கவைத்து, கடைசியில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்ட மாடு. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வரிசை கதவுவரை நீண்டிருந்தது.

"ரெண்டு கிலோவாக் குறைச்சுத் தரட்டுமா ம்மா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் கைப்பையைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். கலெபோவே ஒரு துண்டை எடுத்து ஓரமாக வைத்து, மீதியைத் தாளில் சுற்றிக் கொடுத்து, சில்லறையை எண்ணி நீட்டிவிட்டு, அடுத்து நின்றவரைக் கூப்பிட்டாள்.